சேலத்திலிருந்து காரைக்கு: வரிசை அடுக்கியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் நிலவியல் படிக்கும் மாணவர்களைப் பல ஆண்டுகளாகப் பெரம்பலூர், அரியலூர் பக்கம், குறிப்பாகப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்கு, களப் பயணம் அழைத்துச் செல்கிறேன். விடியற்காலையில் புறப்படும் பஸ் ஆத்தூரைத் தாண்டுவதற்குள் கேள்விகள் தொடங்கிவிடும். இரவு திரும்பும்போதும் அவை முடிந்திருக்காது. ஆண்டுதோறும் அதே கேள்விகள் வருவதால் பதில்களை எழுதிவைக்கிறேன். பாடத்திட்டத்தின் வரிசை இதில் இருக்காது. பஸ்ஸில் கேட்கப்பட்ட வரிசைதான் இருக்கும்.

வரிசை அடுக்கியல் என்றால் என்ன?

கடலிலும் ஆற்றிலும் படிந்து இறுகிய பாறைகளைப் பிரித்துப் படிக்கும் ஒரு முறை. பழைய முறையில் மணற்கல் ஒரு பிரிவு, களிக்கல் ஒரு பிரிவு, சுண்ணாம்புக்கல் ஒரு பிரிவு. இந்த முறையில் பாறையின் வகை இரண்டாம்பட்சம். பாறைகளுக்கு நடுவே ஓடும் பரப்புகளே முதன்மை. கடல் பின்வாங்கியபோது கடலடியாக இருந்த நிலம் வெளியே வந்து மழையிலும் ஆற்றிலும் அரிக்கப்பட்டது. அது ஒரு பரப்பு. பிறகு கடல் திரும்பி வந்து, வண்டலைப் படியவிட்டு, மறுபடியும் பின்வாங்கியபோது இன்னொரு அரிப்புப் பரப்பு உண்டானது. இந்த இரண்டு பரப்புகளுக்கும் நடுவில் படிந்தவை அனைத்தும் சேர்ந்து ஒரு வரிசை. ஆங்கிலத்தில் சீக்வென்ஸ் என்பார்கள். வகுப்பறையிலும் நாங்கள் பெரும்பாலும் அப்படியே சொல்கிறோம்.

ஒரே மாதிரியான பாறைகளை இணைத்துவிட்டால் போதாதா? மணற்கல்லை மணற்கல்லோடு சேர்ப்பதில் என்ன தவறு?

இன்று காலை பூம்புகார் கரையில் மணல் படிந்துகொண்டிருக்கிறது. அதே நேரத்தில் கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, அலையின் கை எட்டாத ஆழத்தில், களி படிந்துகொண்டிருக்கிறது. நாள் ஒன்றுதான், படிவது இரண்டு விதம். இவை இறுகிப் பாறையானால், மணலும் களியும் ஒரே வயதுடையவை. கடல் மெல்ல உள்ளே வந்தால் கடற்கரையும் மேற்கே நகரும். மணல் படியும் இடமும் அதோடு நகரும். பல லட்சம் ஆண்டுகள் கழித்து ஒருவர் அந்த மணற்கல்லை நெடுகப் பின்தொடர்ந்து நடந்தால், பாறை ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒவ்வோர் அடிக்கும் வயது மாறிக்கொண்டே போகும். ஒரே பாறை என்பதால் ஒரே காலம் என்று எழுதினால், அந்தப் படம் முழுவதும் தவறாகிவிடும்.

இதைச் சேலத்துப் பக்கம் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். மேட்டூருக்குப் போங்கள்.

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடி பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்க மக்கள் கூடுவார்கள். நானும் போவேன், ஆனால் என் பார்வை நந்தியைச் சுற்றிக் கிடக்கும் வண்டலின் மீதுதான் இருக்கும்.

ஒரு கோடையில் அங்கே ஓர் ஓடையின் வாய்ப்பகுதியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீர் நிறைந்திருந்த காலத்தில் அந்த ஓடை தன் வாயில் மணலையும் வண்டலையும் விசிறிபோலக் கொட்டியிருந்தது. நீர் இறங்கியதும் அதே ஓடை, தான் கொட்டிய விசிறியையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. அறுபட்ட சுவர் ஆள் இடுப்பளவு உயரம். அடியில் நகத்தால் கீறினால் வழுவழுப்பாக வரும் நுண்ணிய சேறு. மேலே போகப்போக மணல். உச்சியில் பட்டாணி அளவுக் கூழாங்கற்கள். அதாவது கரை மெல்ல நீரை நோக்கி முன்னேறியிருக்கிறது. அந்தச் சுவரை வெட்டிக்கொண்டு சாய்வாக ஓடியது அரிப்புப் பரப்பு. மேற்பரப்பு முழுக்க வெயிலில் வெடித்த பாளங்கள். அவற்றுக்கு நடுவே புல் முளைத்திருந்தது.

அடுத்த பருவத்தில் நீர் ஏறும். வெட்டுண்ட பள்ளத்தை முதலில் சரளையும் மணலும் நிரப்பும். பிறகு சேறு வந்து எல்லாவற்றையும் மூடும். புல்லின் வேர்கள் சேற்றுக்கடியில் மாட்டிக்கொள்ளும்.

இப்போது எதிர்க்கரையில் வேறோர் ஓடையை நினைத்துக்கொள்ளுங்கள். அது செம்மண் பூமியிலிருந்து வருகிறது. அதன் விசிறி சிவப்பு, இதன் விசிறி சாம்பல். மண்ணை மண்ணோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் உறவே இல்லை. ஆனால் இரண்டிலும் ஒரே கோடையில் வெட்டப்பட்ட பரப்பு இருக்கிறது. அதற்கு மேல் ஒரே பருவத்தில் ஏறிய சேறு இருக்கிறது. இரண்டு கரைகளையும் இணைக்கும் கயிறு அந்தப் பரப்பு. நிறத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்தால் எதிர்க்கரைக்குப் போய்ச் சேரலாம்.

களத்தில் எந்தப் பரப்பு எது என்று எப்படித் தெரியும்?

முக்கியமானவை மூன்று.

முதலாவது, வரிசையின் எல்லையான அரிப்புப் பரப்பு. அதன் கீழே கடலில் படிந்த பாறை. மேலே திடீரென ஆற்று மணலோ சரளையோ. பழைய மண், வேர்த் தடங்கள், சிவந்த நிறம் ஆகியவை துணைச் சாட்சிகள். ஆழ்கடல் பக்கம் போனால் அரிப்பே இருக்காது. படிவு இடைவிடாமல் தொடர்ந்திருக்கும். அங்கே அதே காலத்தின் தளத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இரண்டாவது, கடல் திரும்பி வந்தபோது அலைகள் பழைய கரையைச் சீவிய பரப்பு. மாணவர்களுக்குச் சொல்லித்தர எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதில்தான் இருக்கிறது. மண்டியிட்டு, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். உருண்ட கூழாங்கற்கள், உடைந்த சிப்பிகள், பச்சை நிறத்தில் கடுகு போன்ற கிளாகோனைட் மணிகள். இன்னும் கீழே பார்த்தால், கெட்டிப்பட்ட களியில் ஏதோ உயிரினம் குடைந்த விரல் தடிமத் துளைகள். துளையின் சுவர் கூர்மையாக, சரியாமல் நிற்கும். களி அப்போதே இறுகியிருந்தது என்பதற்கு அதுவே அடையாளம். துளைக்குள் இருப்பதோ மேலடுக்கின் மணல். அப்படியென்றால் கீழடுக்கு படிந்து, இறுகி, மேல்தோல் அரிக்கப்பட்டு, அதன் பிறகு உயிரினம் குடைந்து, அதன் பிறகுதான் புதிய மணல் வந்து விழுந்திருக்கிறது. விரல் தடிமத் துளைக்குள் இத்தனை காலம் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, கடல் மிக அதிகமாக உள்ளே வந்த நேரத்தின் பரப்பு. அந்த நேரத்தில் ஆற்று வண்டல் நெடுந்தொலைவில் கரையோரமாகவே தங்கிவிடும். ஆழமான பகுதிக்கு எதுவும் வந்து சேராது. அதனால் மிகக் குறைந்த தடிமத்தில் மிக நீண்ட காலம் பதிவாகும். பாஸ்பேட் உருண்டைகள், நுண்ணுயிரிகளின் ஓடுகள், கறுத்த களி ஆகியவை அங்கே செறியும். தொலைதூர ஒப்பீட்டுக்கு மூன்றில் இதையே நான் அதிகம் நம்புவேன். காரணம், இது கடலடியில் பரந்து கிடக்கும். புதைபடிவங்களும் அதில் நிறைய உண்டு.

கடல் மட்டம் உயர்வதும் தாழ்வதும் மட்டுமா காரணம்?

இல்லை. வண்டல் படிய இடம் வேண்டும். அந்த இடத்தைக் கடல் மட்டம் உயர்ந்தும் தரலாம், தரை கீழே இறங்கியும் தரலாம். இடம் உண்டாகும் வேகத்தைவிட வண்டல் வேகமாக வந்தால் கரை கடலுக்குள் முன்னேறும். குறைவாக வந்தால் கடல் நிலத்துக்குள் வரும். உலகக் கடல் மட்டம், தரையின் அசைவு, ஆறு கொண்டுவரும் வண்டல் என்ற மூன்றும் சேர்ந்துதான் கரையின் இடத்தைத் தீர்மானிக்கின்றன.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை வறண்ட தரையாக இருந்து, தமிழ்நாடும் இலங்கையும் ஒட்டியிருந்தன. அது உலகம் முழுவதற்கும் பொதுவான இறக்கம். மாறாக, பால்டிக் கடலின் வடகரை, பனிப்பாளத்தின் சுமை நீங்கியதால் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் மேலெழும்புகிறது. அங்கே கடல் பின்வாங்குகிறது. அதே ஆண்டுகளில் ஜகார்த்தாவில் தரை அமிழ்ந்து கடல் உள்ளே வருகிறது. எதிர்காலத்தில் யாராவது பால்டிக்கின் அரிப்புப் பரப்பைப் பார்த்துவிட்டு, உலகம் முழுவதும் அப்போது கடல் இறங்கியது என்று எழுதினால் எவ்வளவு பெரிய பிழை!

சேலத்துப் பாறைகளில் இதைச் செய்ய முடியாதா? கஞ்சமலையில் அழகான வரிகள் இருக்கின்றனவே?

இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. கஞ்சமலையின் வரிகள் உண்மையிலேயே அழகானவைதான்: காந்தக்கல் ஒரு வரி, குவார்ட்ஸ் ஒரு வரி. தொல்பழங்காலத்தில் நீரடியில் படிந்த இரும்புப் படிவுகளிலிருந்து அவை வந்தவை. ஆனால் அதன் பிறகு அவை பூமிக்குள் ஆழமாகச் சென்று வெந்து, நசுங்கி, மடிந்து, மறுபடி படிகமாகி வெளியே வந்திருக்கின்றன. மடிப்பில் மேலது கீழாகவும் கீழது மேலாகவும் புரண்டிருக்கலாம். சேர்வராயன் மலையின் சார்னக்கைட் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. அவை 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தின் வெப்பத்தில் உருப்பெற்றவை. புதைபடிவம் கிடையாது. அலை சீவிய தடமும் கிடையாது. எனவே வரிசை அடுக்கியலுக்குத் தேவையான பரப்புகளை இங்கே தேட முடியாது. இந்தப் பாறைகளின் வயதைச் சிர்க்கான் போன்ற கனிமங்களில் உள்ள யுரேனியம், ஈயம் ஆகியவற்றின் விகிதத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். அது முற்றிலும் வேறு கலை.

சாக் ஹில்ஸ் என்ற பெயர் இருக்கிறதே, அங்கே இருப்பது சாக் தானே?

இல்லை. ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும் அந்தக் கரடுகளைப் பார்த்து ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் அது. நம் ஊரில் வெள்ளைக்கல் என்று சொல்வதுதான் பொருத்தம். அது மாக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். மெக்னீசியம் மிகுந்த பழைய ஆழ்பாறைகள் சிதைந்து, அவற்றின் வெடிப்புகளில் நரம்புகளாக உண்டானது. உலைகளுக்கான செங்கல் செய்யத்தான் அதைத் தோண்டினார்கள். அது அடுக்கடுக்காகக் கடலில் படிந்ததல்ல.

இங்கிலாந்தின் டோவர் கரையில் நிற்கும் வெள்ளைப் பாறைதான் உண்மையான சாக். கண்ணுக்குத் தெரியாத கடல் பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் கோடிக்கணக்கில் படிந்து உண்டானது. இரண்டின் மேலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சாக் உடனே நுரைத்துப் பொங்கும். வெள்ளைக்கல் குளிர்ந்த அமிலத்தில் ஏறக்குறைய அசையாமல் இருக்கும்; பொடியாக்கிச் சூடேற்றினால்தான் பொங்கும்.

இதை வகுப்பில் செய்துகாட்டிய பிறகு மாணவர்களிடம் கேட்பேன்: “டோவர் சாக்குக்குச் சமகாலத்துப் பாறை தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது?” எல்லோரும் வெள்ளைப் பாறையாகத் தேடுவார்கள். விடை, பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் மங்கிய களிமண். நிறத்திலும் பொருளிலும் எந்த ஒற்றுமையும் இல்லை. காலத்தில் பங்காளிகள்.

அது எப்படித் தெரிந்தது? 8,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இரண்டு பாறைகளை எதை வைத்து இணைத்தார்கள்?

பொறுமையாகச் சொல்ல வேண்டிய கதை இது.

இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரிந்தபோது கிழக்குக் கரையோரம் தரை பிளந்து அமிழ்ந்தது. அப்படி உண்டான காவிரிப் படுகைக்குள், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேஷியஸ் காலத்தில், கடல் வந்தது. அந்தக் கடலின் மேற்கு விளிம்புதான் இன்று ஊட்டத்தூர், காரை, குளக்காநத்தம், கருடமங்கலம், அரியலூர் என்று வயல்களுக்கு நடுவே வெளியே தெரிகிறது. 1846-இலேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் இந்தப் பகுதியின் புதைபடிவங்களை லண்டனில் விவரித்தார். 1860-களில் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. காரையின் களிமண் ஊட்டத்தூர்த் தொகுதியில் வரும்.

காரைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது மழைநீர் அரித்த எண்ணற்ற பள்ளங்கள். புல்கூடச் சரியாக முளைக்காத மேடுகள். வெயிலில் ஜிப்சம் தகடுகள் கண்ணாடித் துண்டுகள்போல மின்னும். குனிந்தால் துப்பாக்கிக் குண்டு வடிவில் பெலம்னைட் (கணவாய் போன்ற, அழிந்துபோன கடல் உயிரினம்) துண்டுகள். சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரினமான அம்மோனைட்டும் கிடைக்கும். வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு அம்மோனைட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்டகி ஆற்றில் எடுக்கும் சாளக்கிராமத்தின் சுருளும் அம்மோனைட்தான், அது மட்டும் வேறு வயது.

அம்மோனைட்டுகள் கடலில் நீந்தியவை, வேகமாக இனம் மாறியவை. ஓர் இனம் தோன்றி மறைய எடுத்த காலம் குறைவு. பரவிய இடமோ பெரிது. மாண்டெல்லிசெராஸ் என்ற அம்மோனைட் கிடைத்தால் அது செனோமேனியன் காலத்தின் முற்பகுதி. அகாந்தோசெராஸ் கிடைத்தால் நடுப்பகுதி. இரண்டும் ஊட்டத்தூர்த் தொகுதியிலும் உண்டு, ஐரோப்பாவிலும் உண்டு. செனோமேனியன் என்பது பிரான்சின் லெ மான் நகரத்து லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல்; 10.05 கோடி ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 9.39 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை நீண்ட காலம்.

2002-இல் ஆண்ட்ரூ கேலும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வுதான் நமக்கு இதில் மிக நெருக்கமானது. அவர்கள் இங்கிலாந்து, பிரான்ஸ் பகுதியின் செனோமேனியன் பாறைகளையும் காவிரிப் படுகையின் செனோமேனியன் பாறைகளையும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் இடத்திலும் கடல் இறங்கிய பரப்புகளையும் ஏறிய பரப்புகளையும் தனித்தனியே கண்டார்கள். பிறகு அம்மோனைட்டுகளைக் கொண்டு அந்தப் பரப்புகளுக்குக் காலம் வகுத்து ஒப்பிட்டார்கள். இரண்டு இடங்களிலும் கடல் ஒரே காலத்தில் ஏறி இறங்கியிருந்தது. அந்த ஏற்ற இறக்கத்தின் தாளம் சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் பூமியின் சுற்றுப்பாதை வடிவத்தோடு ஒத்துப்போனது. அன்று இந்தியா தென்கோளத்தில் இருந்தது. இரண்டு கடல்களும் வெவ்வேறு அரைக்கோளங்களில், பூமியின் மேலோட்டின் வெவ்வேறு தட்டுகளின் மேல் இருந்தன. தரையின் அசைவு இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் நடந்திருக்க வழியில்லை. அதனால்தான் உலகக் கடல் மட்டமே மாறியது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆத்தூர் வழியாகப் பஸ்ஸில் போய்த் தொட்டுப் பார்க்கக்கூடிய களிமண் இப்படி ஓர் உலகளாவிய வாதத்துக்குத் தூணாக நிற்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் சற்று உயர்ந்துவிடும்.

அம்மோனைட்டே காலத்தைச் சொல்லிவிடுகிறதே. பிறகு பரப்பு எதற்கு?

ஓர் அம்மோனைட் இனத்தின் ஆயுள் சில லட்சம் ஆண்டுகளாக இருக்கலாம். அந்த இடைவெளிக்குள் எது முன், எது பின் என்று அதனால் சொல்ல முடியாது. பரப்பு அந்த இடைவெளிக்குள் ஒரு கோடு கிழிக்கிறது. மேலும், எல்லாப் பாறையிலும் அம்மோனைட் கிடைக்காது. ஆற்று மணலில் கிடைக்கவே கிடைக்காது. கடல் பாறையில் காலம் குறித்த பரப்பை நிலத்துப் பக்கமாகப் பின்தொடர்ந்து போனால், புதைபடிவம் இல்லாத ஆற்றுப் படிவுக்கும் வயது சொல்லலாம். பரப்புக்குத் தனியாக வயது கிடையாது, புதைபடிவத்துக்குக் கூர்மை போதாது. இரண்டும் சேர வேண்டும். எரிமலைச் சாம்பல், காந்தப் புரட்டு (பூமியின் காந்தத் துருவங்கள் இடம் மாறியதன் பதிவு), கார்பன் ஐசோடோப்பு (கார்பன் அணுவின் எடை வேறுபட்ட வகைகள்) விகிதம் கிடைத்தால் இன்னும் நல்லது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலை வெடித்தபோது விழுந்த சாம்பல் இந்திய ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் கிடக்கிறது. அதைப் போன்ற அடுக்கு கையில் இருந்தால் வாதமே தேவைப்படாது.

இந்த முறையைத் தொடங்கியவர் யார்?

லாரன்ஸ் ஸ்லாஸ் 1963-இல் வட அமெரிக்காவின் உட்பகுதிப் பாறைகளைப் பெரும் அரிப்புப் பரப்புகளைக் கொண்டு ஆறு வரிசைகளாகப் பிரித்தார். அவருடைய மாணவர் பீட்டர் வெயில் எக்ஸான் நிறுவனத்தில் பணியாற்றிய சக அறிஞர்களுடன் சேர்ந்து, நில அதிர்வு அலைப் படங்களிலிருந்து இந்தப் பரப்புகளைப் படிக்கும் முறையை 1977-இல் வெளியிட்டார். 1987-இல் பிலால் ஹக், ஹார்டன்போல், வெயில் மூவரும் டைனோசர்கள் தோன்றிய டிரையாசிக் காலம் முதல் இன்றுவரையிலான கடல் மட்ட அட்டவணையை வெளியிட்டார்கள்.

அந்த அட்டவணை இருக்கும்போது, நம் பரப்பை அதில் பொருத்தி வயதைப் படித்துக்கொள்ளலாமே?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்தத் துறையில் நடக்கும் பெரும் பிழை இதுதான். அட்டவணையில் கோடுகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. எந்தப் பரப்பைக் கொண்டுபோய் வைத்தாலும் பக்கத்தில் ஒரு கோடு அகப்படும். ஆண்ட்ரூ மையல் 1992-இல் இதைச் சோதித்தார். தற்செயல் எண்களைக் கொண்டு உருவாக்கிய பொய்யான பாறை வரிசைகளை அட்டவணையோடு ஒப்பிட்டார். அவையும் பெருமளவு பொருந்தின. பொய்யும் பொருந்தும் என்றால் பொருத்தத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அதனால் நான் மாணவர்களிடம் வலியுறுத்தும் ஒழுங்கு இது. முதலில் உங்கள் இடத்தின் பரப்புகளைக் கண்டுபிடியுங்கள். பிறகு அவற்றுக்கு உங்கள் இடத்துச் சாட்சிகளைக் கொண்டே காலம் குறியுங்கள். கடைசியாகத்தான் வேறோர் இடத்தோடு ஒப்பிட வேண்டும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால், எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே சாட்சியாக வைத்ததாகிவிடும்.

ஊட்டத்தூர்த் தொகுதிக்கும் திருச்சிராப்பள்ளித் தொகுதிக்கும் நடுவே தெரியும் இடைவெளியையும் நினைவில் வையுங்கள். அதில் தரை சாய்ந்ததன் பங்கும் இருக்கிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிளந்து அமிழ்ந்த படுகையில் எல்லாப் பரப்பும் உலகக் கடல் மட்டத்தின் கையெழுத்தாக இருக்காது.

நீங்கள் தவறாக இணைத்ததுண்டா?

உண்டு. மாணவனாக இருந்தபோது கருடமங்கலத்தில் ஒரு சிப்பிச் சுண்ணாம்புக்கல்லைப் பார்த்தேன். திருச்சிராப்பள்ளிப் பளிங்கு என்ற பெயரில் மெருகேற்றப் பயன்பட்ட கல் அது. மறுநாள் அரியலூருக்கு அருகே கல்லங்குறிச்சியில் இன்னொரு சிப்பிச் சுண்ணாம்புக்கல்லைப் பார்த்தேன். இரண்டிலும் சிப்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. கடல் ஒரே நேரத்தில் ஆழம் குறைந்த காலம் இது என்று குறிப்பேட்டில் எழுதி, இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துவிட்டேன்.

என் ஆசிரியர் எதுவும் சொல்லாமல் இரண்டு சில்லுகளையும் மேசைமேல் வைத்து லென்ஸைக் கையில் கொடுத்தார். கல்லங்குறிச்சித் துண்டில் கிரைஃபியா என்னும் தடித்த வளைந்த சிப்பிகளும், நார்நாராகப் பிளக்கும் ஐனோசெராமஸ் ஓட்டுத் துண்டுகளும் இருந்தன. கருடமங்கலத்தின் சிப்பிக் கூட்டம் அதுவல்ல. அவற்றுக்கு நடுவே சுமார் 2 கோடி ஆண்டுகள். நான் ஒரு பென்சில் கோட்டால் தாண்டிய தூரம் அவ்வளவு. அந்தக் குறிப்பேட்டை இன்றும் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பஸ்ஸில் கைமாறிக் கைமாறிப் பின் இருக்கைவரை போய்வரும்.

இதனால் நடைமுறைப் பயன் என்ன?

காவிரிப் படுகையில் நரிமணம் போன்ற இடங்களில் எண்ணெய் எடுக்கிறார்கள். எண்ணெய் தங்கும் மணலும் அதை மூடும் களியும் எங்கே இருக்கும் என்று ஊகிக்க இந்த முறை உதவுகிறது. கிணற்றுக்குள், பாறையின் இயல்பான கதிர்வீச்சை அளக்கும் காமாக் கதிர் அளவியை இறக்கும்போது, கடல் மிக உள்ளே வந்த காலத்தின் கரிமம் செறிந்த களியில் அளவு சட்டென்று உயரும். கிணற்றுக்குக் கிணறு இணைக்க அது நல்ல அடையாளம். நிலத்தடி நீர் தேடுவதற்கும் இதே சிந்தனை உதவும்.

களத்துக்குப் போகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

தண்ணீர், தொப்பி, லென்ஸ், குறிப்பேடு. காரையில் நிழல் கிடையாது. மழைக்கு மறுநாள் போகாதீர்கள், களி வழுக்கும். சுவரில் பதிந்திருக்கும் அம்மோனைட்டைப் பெயர்த்தெடுக்காதீர்கள். எந்தப் பரப்புக்கு எத்தனை விரற்கடை மேலே அது இருந்தது என்பதுதான் அதன் மதிப்பு. பெயர்த்துவிட்டால் அது அலமாரிப் பொருள். சாத்தனூரில் 18 மீட்டருக்கும் நீளமான கல்மரம் கிடக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள். கடல் படிவில் ஒரு முழு மரம் எப்படி வந்தது, கரை எவ்வளவு அருகில் இருந்திருக்கும் என்று அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள்.

அப்படியானால் சேர்வராயன் மலைக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பே இல்லையா?

ஏற்காட்டின் உச்சியில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வெட்டிய பாக்சைட் இருக்கிறது. பாறை நெடுங்காலம் வெளியே கிடந்து, மழையில் ஊறி, மற்றவையெல்லாம் கரைந்துபோக அலுமினியம் தங்கிய தோல் அது. அதுவும் ஒரு பரப்புதானே, காரையின் பரப்பு எதனோடாவது இணைக்கலாமா என்று வாழப்பாடியிலிருந்து வந்த ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அதன் மேலே எந்தக் கடல் படிவும் இல்லை, உள்ளே எந்தப் புதைபடிவமும் இல்லை. மேலும் கீழும் காலத்தைச் சொல்லச் சாட்சி இல்லாத பரப்பை இணைக்க மாட்டேன் என்றேன்.

பிறகு அவர் கையில் ஆற்று மணற்கல்லின் ஒரு துண்டைக் கொடுத்தேன். அந்தக் கடலுக்கு வண்டலைத் தந்தவை மேற்கே உயர்ந்து நின்ற பழைய படிகப் பாறைகள், நம் மலைகளில் இருக்கும் அதே குடும்பம். அவர் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். குவார்ட்ஸ் மணிகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு மணி. “ஐயா, இது கார்னெட்டா?” என்றார். சங்ககிரிப் பக்கம் பாறைகளில் பார்த்திருக்கிறாராம்.